நெடுவரிசைக்கு எண் வைத்த பிழை

அந்த அக்காவின் மேசையில் ஒரு காகிதத் துண்டு எப்போதும் இருக்கும். நீளவாக்கில் மடித்த, ஓரம் அழுக்கேறிய துண்டு. சரக்குப் பட்டியலைத் திறந்ததும் அதை எடுத்துத் திரையின்மேல் கிடையாக வைத்துக்கொள்வார். விலையைப் பார்க்க வலப்பக்கம் நகர்த்தினால் இடக்கோடியில் இருக்கும் பொருளின் பெயர் திரைக்கு வெளியே போய்விடும்; எந்த வரியில் இருந்தோம் என்பது மறந்துவிடும். அதற்குத்தான் துண்டு. இடக்கை அதைப் பிடித்திருக்கும், வலக்கை மவுஸை நகர்த்தும், பதிய வேண்டிய ரசீது மடியில் கிடக்கும்.

அந்த மென்பொருளை எழுதியவன் நான். இரண்டு ஆண்டுகளாக அவர் அதில் வேலை செய்துகொண்டிருந்தார். வேறு ஏதோ ஒரு புகாருக்காகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோதுதான் இதைப் பார்த்தேன். கேட்டதற்கு, "எல்லா மென்பொருளும் இப்படித்தானே தம்பி?" என்றார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

கிடங்குக்கு வரும் சரக்கைப் பதியும் மேசைக்கணினி மென்பொருள் அது. விண்டோஸ் சாளரங்களை அமைக்கும் மைக்ரோசாஃப்ட் கருவியான வின்ஃபார்ம்ஸில் எழுதியது, பட்டியலைக் காட்டுவது டேட்டாகிரிட்வியூ, அதாவது 2005இல் மைக்ரோசாஃப்டின் டாட் நெட் 2.0 உடன் வந்த கிரிட் (அட்டவணைக் கட்டம்). மொத்தம் 23 நெடுவரிசைகள். எந்த வரிசையில்? தரவுத்தளத்தில் அட்டவணையை உருவாக்கியபோது எனக்கு எந்த வரிசையில் தோன்றியதோ அதே வரிசையில். முதலில் உள் அடையாள எண், பிறகு பதிந்தவர், பதிந்த நேரம், திருத்தியவர், திருத்திய நேரம். பொருளின் பெயர் ஆறாவது. விலை பத்தொன்பதாவது. தரவுத்தளத்துக்கு வசதியான வரிசை, மனிதருக்கு அல்ல.

சொல் பற்றி ஒரு வார்த்தை. அலுவலகத்தில் நாங்கள் யாரும் 'நெடுவரிசை' என்று சொல்வதில்லை, ஆங்கிலத்தின் column என்ற சொல்லையே 'காலம்' என்போம். அதை அப்படியே எழுதினால் "காலம் மறைந்துவிட்டது", "காலத்தை நகர்த்தினேன்" என்று கட்டுரை வேறு திசையில் போய்விடும். 'பத்தி' என்றால் செய்தித்தாள் நினைவுக்கு வருகிறது. ஆகவே இங்கே நெடுவரிசை.

முதல் திருத்தம் அவமானப்படும் அளவுக்கு எளிது. பயனர் தலைப்பைப் பிடித்து இழுத்து நெடுவரிசையை இடம் மாற்ற அனுமதிக்கும் பண்பு ஒன்று அந்தக் கிரிட்டில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. இயல்பாக அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ஒரே வரியில் அதை இயக்கினேன். அக்கா அரை மணி நேரம் இழுத்து இழுத்துத் தமக்கு வேண்டிய வரிசையை அமைத்துக்கொண்டார். நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை தொலைபேசி: "தம்பி, நான் வைத்த இடத்தில் எதுவுமே இல்லை. இரவில் யாரோ கலைத்துவிட்டார்கள்."

யாரும் கலைக்கவில்லை. நான் சேமிக்கவில்லை, அவ்வளவுதான். இடம் மாற்ற விடுவது கிரிட்டின் வேலை. அதை நினைவில் வைப்பது நம் வேலை. மாற்ற அனுமதித்துவிட்டு நினைவில் வைக்காமல் விடுவதைவிட, மாற்றவே அனுமதிக்காமல் இருப்பது மேல். முன்னதில் பயனரின் உழைப்பு நாள்தோறும் வீணாகிறது.

சேமிக்க ஒரு கோப்பு எழுதினேன். அங்கேதான் தலைப்பில் சொன்ன பிழையைச் செய்தேன். நெடுவரிசை 0 இந்த இடத்தில், அகலம் இவ்வளவு. நெடுவரிசை 1 அந்த இடத்தில், அகலம் அவ்வளவு. எண்களைக் காற்புள்ளி போட்டு வரிசையாக எழுதிய கோப்பு. மூன்று மாதம் பிசகில்லாமல் ஓடியது. பிறகு தொகுதி எண்ணுக்காக ஒரு புதிய நெடுவரிசை கேட்டார்கள். ஏழாவது இடத்தில் செருகி, புதிய பதிப்பை வெள்ளிக்கிழமை மாலை அனுப்பினேன். திங்கள் காலையில் எல்லோருடைய திரையும் ஓரிடம் தள்ளிப்போயிருந்தது. பொருள் விவரத்துக்கு வைத்த பெரிய அகலம் அலகுக்குப் போயிருந்தது. யாரோ மறைத்து வைத்திருந்த குறிப்பு தெரிந்தது. அதற்குப் பதில் விலை மறைந்திருந்தது. அன்று வந்த அழைப்புகளை எண்ணவில்லை.

அவசரத்தில் செய்த மாற்று அதைவிட அழகு. எண்ணை விட்டுவிட்டுத் தலைப்பில் இருக்கும் எழுத்தை அடையாளமாக வைத்தேன். சில வாரம் கழித்து, "இருப்பு என்றால் புரியவில்லை, கையிருப்பு என்று போடுங்கள்" என்றார்கள். போட்டேன். அந்த நெடுவரிசையின் அமைப்பு எல்லோரிடமும் காணாமல் போனது. தலைப்பு என்பது கண்ணுக்கு. அது மாறும், மொழிபெயர்க்கப்படும், சுருக்கப்படும். அடையாளம் என்பது நிரலுக்கு; ஒருமுறை வைத்தால் அதை யாரும் தொடக் கூடாது. இப்போது ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பயனர் பார்க்காத ஓர் உள்பெயர் இருக்கிறது. இரண்டு பெயர்கள் எழுத்துப்பிழையோடு இருக்கின்றன, அவற்றையும் திருத்துவதில்லை.

பெயரால் சேமித்த பிறகும் மீட்டெடுப்பதில் நுணுக்கங்கள் உண்டு. இந்தக் கிரிட்டில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் இரண்டு எண்கள்: உருவான வரிசையைச் சொல்லும் இண்டெக்ஸ், திரையில் நிற்கும் இடத்தைச் சொல்லும் டிஸ்பிளே இண்டெக்ஸ். இரண்டாவதை மாற்றினால் அந்த ஒன்று மட்டும் நகர்வதில்லை. இடைப்பட்ட மற்றவையும் இடம் விட்டு நகர்கின்றன. கோப்பில் இருக்கும் கண்டபடியான வரிசையில் வைத்துக்கொண்டே போனால், முன்பு சரியாக வைத்ததைப் பின்பு வைப்பது தள்ளிவிடும். சேமித்த இடத்தின் ஏறுவரிசையில், 0 முதல் தொடங்கி வைக்க வேண்டும். அப்படி வைத்தால் ஏற்கெனவே அமர்ந்தவை அசையா. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது. ஏனென்றால் சில அமைப்புகளில் மட்டும் தவறு வந்தது, என் கணினியில் வரவே இல்லை.

இன்னொன்று. தரவு மூலத்தை இணைக்கும்போது நெடுவரிசைகளைத் தானாக உருவாக்கும் வசதியை நான் அணைக்காமல் வைத்திருந்தேன். அமைப்பை மீட்டெடுத்துவிட்டுத் தரவை இணைத்தால், கிரிட் தன் போக்கில் புதிதாக உருவாக்கிக்கொண்டு என் அமைப்பைத் துடைத்துவிடும். நெடுவரிசைகளை நானே நிரலில் உருவாக்கி, தானியங்கியை அணைத்த பிறகுதான் அமைதி.

இதையெல்லாம்விட வேடிக்கையான பிழை சேமிக்கும் நேரத்தில் இருந்தது. மின்சாரம் போனால் இழக்கக் கூடாதே என்று, அகலம் மாறும் நிகழ்வு எழும்போதெல்லாம் சேமிக்கச் செய்தேன். அந்த நிகழ்வு பயனர் இழுக்கும்போது மட்டும் எழுவதில்லை. நிரல் அகலத்தை வைக்கும்போதும் எழுகிறது. ஆக, மென்பொருள் திறந்து, முதல் நெடுவரிசையின் அகலத்தை மீட்டவுடன், மீதி 23இன் இயல்பு அகலத்தையும் சேர்த்துக் கோப்பில் எழுதிவிட்டது. மீட்பதே அழிப்பதாக ஆனது. இப்போது மீட்டெடுக்கும்போது நிரலில் ஒரு கொடி, அதாவது ஆம் இல்லை என்று மட்டும் சொல்லும் குறி, ஏற்றி வைக்கிறேன். கொடி இறங்கும்வரை சேமிப்பு இல்லை. பயனர் இழுத்து முடித்து இரண்டு நொடி கழிந்த பிறகு ஒரே முறை எழுதுகிறேன். கோப்பு சிதைந்திருந்தால் சத்தம் போடாமல் இயல்பு அமைப்புக்குப் போகிறேன். நெடுவரிசை அகலத்துக்காக ஒரு மென்பொருள் திறக்க மறுப்பது கேலிக்கூத்து.

காகிதத் துண்டுக்கு வருகிறேன். அதற்கான தீர்வு உறையவைத்தல். பொருளின் பெயரை உறையவைத்தால் மற்றவை வலம் இடமாக ஓடும், பெயர் நகராது. விரிதாளில் எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் இந்தக் கிரிட்டில் ஒன்றை உறையவைத்தால் அதற்கு இடப்பக்கம் இருக்கும் அனைத்தும் சேர்ந்து உறையும். உறைந்த பகுதிக்கும் ஓடும் பகுதிக்கும் நடுவே எல்லைக் கோடு இருப்பதுபோல. அந்தப் பக்கத்து நெடுவரிசையை இந்தப் பக்கம் இழுக்க முடியாது. நிரல் மூலம் முயன்றால் பிழை எறியும். அதனால் மீட்டெடுக்கும்போது முதலில் எல்லாவற்றையும் உருக்கி, இடம் மாற்றி, கடைசியில் உறையவைக்க வேண்டும்.

உறையவைக்கும் உரிமையைப் பயனருக்குக் கொடுத்ததும் ஒருவர் ஆர்வத்தில் ஆறு நெடுவரிசைகளை உறையவைத்தார். பெரிய திரையில் நன்றாக இருந்தது. வேறொரு சிறிய திரையில் திறந்தபோது உறைந்த பகுதியே சாளரத்தை முழுவதும் நிரப்பிவிட்டது. எவ்வளவு நகர்த்தினாலும் மற்றவை வெளியே வர இடமில்லை. "பாதித் தரவு அழிந்துவிட்டது" என்று புகார் வந்தது. உறைந்தவற்றின் மொத்த அகலம் சாளரத்தில் பாதியைத் தாண்டினால் தற்காலிகமாக உருக்கிவிடும்படி செய்திருக்கிறேன். அழகான தீர்வு அல்ல, ஆனால் அந்தப் புகார் மறுபடி வரவில்லை.

அகலம் என்பது தனிக் கதை. விரிதாள்களின் முன்னோடியான விசிகால்க் 1979இல் வந்தபோது எல்லா நெடுவரிசைகளுக்கும் ஒரே அகலம்தான். ஒன்றை மட்டும் அகலமாக்க வழியில்லை. சில நாட்களில் அந்தக் காலத்துப் பயனர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று தோன்றும். எக்செல் தன் அகலத்தை இயல்பு எழுத்துருவின் பூச்சியம் எத்தனை கொள்ளும் என்ற கணக்கில் சொல்கிறது, 8.43 என்ற விசித்திர எண்ணைப் பலர் பார்த்திருப்பீர்கள். நான் பிக்சலில் சேமித்தேன். 100 விழுக்காட்டு அளவில் வைத்த அகலம் 150 விழுக்காடு பெரிதாக்கிய திரையில் எழுத்துகளைக் கடித்துக் குதறியது. இப்போது அங்குலத்துக்கு 96 புள்ளி என்ற அடிப்படைக்கு மாற்றிச் சேமித்து, திறக்கும் திரையின் அளவுக்கு ஏற்பப் பெருக்குகிறேன். கோப்பையும் கணினியோடு நிற்கும் கோப்புறையில்தான் வைக்கிறேன். பயனரைப் பின்தொடர்ந்து வேறு கணினிகளுக்குப் போகும் கோப்புறையில் அல்ல. அகலம் திரையைச் சார்ந்தது.

"உள்ளடக்கத்துக்கு ஏற்பத் தானாக விரியட்டும்" என்று முடிவு செய்வது பெரிய சபலம். நானும் விழுந்தேன். எல்லாக் கலங்களையும், அதாவது கட்டங்களையும், அளக்கும் முறையைத் தேர்ந்தால் 18,000 வரிகளில் ஒவ்வொன்றையும் அளந்து பார்த்த பிறகே பட்டியல் வரும். சாளரம் உறைந்து நிற்கும். அதோடு, அந்த முறையில் இருக்கும் நெடுவரிசையைப் பயனர் இழுத்து அகலம் மாற்றவே முடியாது. திரையில் தெரியும் வரிகளை மட்டும் அளக்கும் முறை வேகமானது. ஆனால் நகர்த்த நகர்த்த அகலம் மாறிக் கண்ணைக் கூசவைக்கும். நான் செய்வது: முதல் முறை திறக்கும்போது மட்டும் தெரியும் வரிகளை அளந்து ஒரு தொடக்க அகலம் கொடுக்கிறேன், பிறகு தானியங்கியை அணைத்துவிடுகிறேன். விவரம் என்ற ஒரே நெடுவரிசை மட்டும் மீதி இடத்தை நிரப்பிக்கொள்ளும். இரண்டு மூன்றுக்கு அந்த வேலையைக் கொடுத்தால் ஒன்றை இழுக்கும்போது இன்னொன்று சுருங்கி, பயனர் கிரிட்டோடு மல்யுத்தம் செய்ய நேரும்.

இரு தலைப்புகளுக்கு நடுவே உள்ள கோட்டை இருமுறை சொடுக்கினால் உள்ளடக்கத்துக்கு ஏற்ப அகலம் சரியாகும் என்பது எங்கள் பயனர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. காட்டிய நாளில் கைதட்டினார்கள். அதற்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை, கிரிட்டிலேயே இருப்பது.

எண்கள் நறுக்கப்படுவதைப் பற்றி மட்டும் கடுமையாகச் சொல்ல வேண்டும். எக்செலில் எண் கொள்ளவில்லையென்றால் ##### என்று காட்டும். அசிங்கமாக இருந்தாலும் நேர்மையானது: பாதி எண்ணைக் காட்டி உங்களை ஏமாற்றாது. இந்தக் கிரிட் எண்ணையும் சொல் போலவே நடத்தி, 48,250 என்பதை 48,2 என்று வெட்டி மூன்று புள்ளி வைக்கும். அவசரத்தில் பார்ப்பவருக்குப் புள்ளிகள் கண்ணில் படா. எண் நெடுவரிசைகளுக்கு அதிகபட்ச மதிப்பு கொள்ளும் அளவுக்குக் குறைந்தபட்ச அகலம் வைத்தேன். இதில் பயனரின் விருப்பத்துக்கு நான் இடம் கொடுப்பதில்லை.

நகர்த்தும் உரிமையால் உண்மையான சேதம் ஒருமுறை நடந்தது. அக்கா விரிதாளிலிருந்து நகலெடுத்துக் கிரிட்டில் ஒட்டுவார். இந்தக் கிரிட்டுக்கு ஒட்டும் வசதி இயல்பாக இல்லை, நான் எழுதியதுதான். நடப்புக் கலத்தின் இண்டெக்ஸில் தொடங்கி ஒன்று ஒன்றாகக் கூட்டி அடுத்தடுத்த நெடுவரிசையில் நிரப்பியது என் நிரல். நெடுவரிசைகள் அசையாத காலத்தில் அது சரி. அவர் அளவை விலைக்குப் பக்கத்தில் இழுத்து வைத்த பிறகு, திரையில் பக்கத்தில் இருப்பது இண்டெக்ஸில் பக்கத்தில் இல்லை. ஒட்டிய 40 வரிகளில் விலை வேறொரு எண் நெடுவரிசையில் போய் உட்கார்ந்தது. இரண்டும் எண்கள்தாம், சரிபார்ப்பு எதுவும் தடுக்கவில்லை. கூட்டுத்தொகை வினோதமாக இருந்ததால் அவர் பிடித்தார். இல்லாவிட்டால் மாதக் கடைசியில்தான் தெரிந்திருக்கும்.

திரை வரிசைப்படி அடுத்துத் தெரியும் நெடுவரிசை எது என்று சொல்ல அந்தக் கிரிட்டிலேயே ஒரு செயற்கூறு உண்டு: கெட் நெக்ஸ்ட் காலம். தமிழில் படித்தால் தத்துவம்போல இருக்கும் அதைத்தான் முதலிலேயே பயன்படுத்தியிருக்க வேண்டும். அன்று மாலை முழு நிரலையும் தேடினேன். நெடுவரிசையை எண்ணால் அழைக்கும் இடங்கள் 31 இருந்தன. அச்சிடுதல், ஏற்றுமதி, கூட்டுத்தொகை, நிறம் தீட்டுதல், எல்லாவற்றிலும். பயனருக்கு நகர்த்தும் உரிமை கொடுப்பதற்கு முன்பே இந்தத் தேடலைச் செய்திருக்க வேண்டும். பின்னால் செய்வதற்கு விலை 40 வரிகள்.

கியூட்டி (Qt) என்ற வேறொரு மென்பொருள் கட்டமைப்பில் எழுதும் நண்பர்கள், "எங்களிடம் சேவ் ஸ்டேட், ரெஸ்டோர் ஸ்டேட் என்று இரண்டு வரியில் முடிந்துவிடும்" என்பார்கள். உண்மைதான், சுகமானது. ஆனால் அதுவும் உள்ளே எண்ணையே நம்புகிறது, உங்கள் நெடுவரிசையின் பெயரை அறியாது. நடுவே ஒன்றைச் செருகிய பதிப்பில் பழைய நிலையை மீட்டால் என் திங்கட்கிழமை உங்களுக்கும் வரும். சேமிப்போடு ஒரு பதிப்பு எண்ணாவது வையுங்கள்.

மறைத்தலும் காட்டுதலும் சுலபமாக முடிந்தது. தலைப்பில் வலச்சொடுக்கு, பெயர்ப் பட்டியல், எதிரே குறி. விண்டோஸ் கோப்பு உலாவியில் எல்லோருக்கும் பழகிய வழி. பொருளின் பெயர் இருக்கும் நெடுவரிசையை மட்டும் மறைக்க முடியாது. வடிகட்டி போட்ட நெடுவரிசையை மறைத்தால் திரையின் அடியில் ஒரு வரி எச்சரிக்கை வரும். இல்லையேல் "வரிகள் குறைகின்றன" என்று தேடி அலைவார்கள். புதிதாகச் சேரும் நெடுவரிசையை முதலில் கடைசியில் வைத்தேன். தொகுதி எண் எப்போது வரும் என்று மூன்று வாரம் கழித்துக் கேட்டார்கள். அது வலக்கோடியில் திரைக்கு அப்பால் காத்துக்கொண்டிருந்தது. இப்போது இயல்பு வரிசையில் அதற்கு இடப்பக்கத்தில் யார் இருக்கிறாரோ, பயனர் அவரை எங்கே வைத்திருந்தாலும் அங்கே போய்ப் பக்கத்தில் நிற்கும்.

ஒரே கணினியை இருவர் மாறி மாறிப் பயன்படுத்தும் இடத்தில் அமைப்புச் சண்டை வந்தது. பெயரிட்ட அமைப்புகள் கொடுத்தேன்: பதிவு, சரிபார்ப்பு, அச்சு. அவற்றோடு ஒரு பூட்டும். வரிசைப்படுத்தத் தலைப்பைச் சொடுக்கும்போது கை சற்று நடுங்கினால் நெடுவரிசை இழுபட்டுப் போகிறது, பூட்டினால் போகாது. இதை யாரும் கேட்கவில்லை. கொடுத்த பிறகு ஏறக்குறைய எல்லோரும் பூட்டியே வைத்திருக்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள் திறந்து, அடுக்கி, மறுபடி பூட்டுகிறார்கள்.

சென்ற பதிப்பில் ஒரு துப்புரவு செய்தேன். இந்தக் கிரிட்டில் நெடுவரிசையின் குறைந்தபட்ச அகலம் இயல்பாக 5 பிக்சல். அவ்வளவு சுருங்கினால் கோடு போலத்தான் தெரியும். நெடுவரிசை காணவில்லை என்ற அழைப்புகளுக்கு அதுவே காரணம். எல்லாவற்றுக்கும் 40 என்று வைத்தேன். வைத்த மறுநாளே அக்கா அழைத்தார்.

"தம்பி, என் கோட்டை ஏன் எடுத்துவிட்டீர்கள்?"

போய்ப் பார்த்தேன். சரக்கு முழுதாக வந்ததா, குறைந்து வந்ததா, இன்னும் வரவில்லையா என்பதைச் சொல்லும் நிலை என்ற நெடுவரிசை. அதன் கலங்களுக்கு நான் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுத்திருந்தேன். அவர் அதைப் பட்டியலின் இடக்கோடிக்கு இழுத்து, எழுத்தே தெரியாத அளவுக்குச் சுருக்கி, ஒரு வண்ணக் கீற்றாக வைத்திருந்திருக்கிறார். சிவப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வையில் மேலிருந்து கீழாக ஓட்டிவிடலாம், படிக்க வேண்டியதில்லை. 40 பிக்சலில் அது "முழு…", "குறை…" என்று அரைகுறை எழுத்துகளாகி, கீற்று கீற்றாக இல்லாமல் போயிருந்தது.

நிலைக்கு மட்டும் குறைந்தபட்சத்தை மறுபடி 5 ஆக்கினேன். அவர் அதைத் தாமே இழுத்து, பழைய அகலத்தில் நிறுத்திப் பூட்டிக்கொண்டார். மேசையில் காகிதத் துண்டு இல்லை.